நேரலைக்கென ஓர் இசைக்குழு: எதிலிருந்து தொடங்குவது?

பத்துப் பேர் சேர்ந்து மெல்லிசைக் குழு தொடங்கி, கச்சேரிகளை யூடியூபில் நேரலையாகத் தர வேண்டும், முதலில் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கேமராவுக்கு அவசரப்படாதீர்கள், ஆரம்பத்துக்குச் செல்போனே போதும். முதலில் பிடிக்க வேண்டியது, நேரலைக்கென்றே குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்து தனியாக மிக்ஸ் செய்யும் ஓர் ஆளை.

மண்டபத்தில் டிரம்ஸ் மைக் இல்லாமலே காதைப் பிளக்கும். அதனால் மேடை மிக்சரில் அதன் ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுபொத்தானை) யாரும் ஏற்றுவதில்லை. மண்டப ஸ்பீக்கர்களுக்குப் போகும் அந்த மிக்சரின் மெயின் அவுட்டை அப்படியே லேப்டாப்பில் சொருகினால், வீட்டில் கேட்பவருக்குப் பாடகர் குரல் நெற்றிப்பொட்டில் அடிக்கும், டிரம்ஸோ பக்கத்துத் தெருவில் வாசிப்பதுபோல் இருக்கும். கைதட்டல் கேட்கவே கேட்காது. ஆகவே ஆக்ஸ் அவுட்டில் (மிக்சரிலிருந்து வேறொரு கலவையைத் தனியாக எடுக்கும் வழியில்) நேரலைக்குத் தனி மிக்ஸ், கூட்டத்தைப் பார்த்து இரண்டு மைக். மிக்ஸ் செய்பவர் மேடைச் சத்தம் எட்டாத அறையில், மூடிய ஹெட்ஃபோனோடு உட்கார வேண்டும். உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலோடு நிற்கட்டும். டிஜிட்டல் ஒலியின் உச்சவரம்பான பூஜ்யத்தில் முட்டிக் கரகரத்த ஒலியை நேரலையில் திருத்த வழியே இல்லை.

அவரவர் வீட்டிலிருந்து ஜூமில் சேர்ந்து வாசிக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். தாமதம் சுமார் 30 மில்லி விநாடியைத் தாண்டினாலே ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) இறங்கிக்கொண்டே போகும். ஜூமில் தாமதம் அதைவிடப் பல மடங்கு. இணையம் வழியே சேர்ந்து வாசிப்பதற்கென்றே உள்ள ஜாமுலஸ் மென்பொருள் ஒரே ஊருக்குள், கேபிள் இணைப்பில், ஓரளவு ஒத்துவரும்.

1080p தரப் படத்தை விநாடிக்கு 6 மெகாபிட்டில் அனுப்புவதென்றால் இணையத்தின் அப்லோடு வேகம் நிலையாக 12 மெகாபிட் வேண்டும். டவுன்லோடு 100 என்று யாராவது சொன்னால் மயங்காதீர்கள். வைஃபை வேண்டவே வேண்டாம்: காலி மண்டபத்தில் ஒத்திகையின்போது ஓடியது, நூறு போன் உள்ளே வந்ததும் திணறும். ரவுட்டருக்கும் யூபிஎஸ் கொடுங்கள். பிறகு கேமராவும், அதன் படத்தை லேப்டாப்புக்குள் கொண்டுவரும் கேப்சர் கார்டும் வாங்கினால் படம் ஒலிக்குப் பின்தங்கும். கேமரா முன் ஒரு கைதட்டலைப் பதிந்து பார்த்து, நேரலையை அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளில் ஒலியை அதே அளவு தள்ளிவையுங்கள்.

சினிமாப் பாட்டு என்றால், நீங்களே வாசித்தாலும் மெட்டும் வரியும் உரிமையாளருடையவை. மேடையில் பாட, இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள் உரிமைகளைக் கவனிக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பிடம் வாங்கும் உரிமம் வீடியோவுக்கும் சேர்த்து என்று நினைத்துவிடாதீர்கள். உரிமையுள்ள பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கண்டென்ட் ஐடி மெட்டை வைத்தே பிடிக்கும். நேரலை பாதியில் நிற்கவும் கூடும். சொந்த மெட்டுகளும் தியாகராஜர் கீர்த்தனைகளும் பெரும்பாலும் தொல்லை தராது.

புதுச் சேனலில் நேரலை வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகும். கச்சேரி அன்று காலையில் போய் அந்தப் பொத்தானைத் தேடாதீர்கள்.