பக்கத்து வீட்டு உதவி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதி இளைஞர் குழுக்களின் கேள்வி பதில்

கேட்பது அந்தந்த ஊர்க் குழு, பதில் சொல்வது அக்கா.

சாட்ஸ்வொர்த்: அக்கா, சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு ஆயா வீட்டு வாசலில் சாய்தளம் போட்டுத் தரப் போகிறோம். இரண்டு படிதான். ஒரு பலகை போதுமா?

பலகை வாங்குமுன் டேப்பை எடுங்கள். முற்றத்திலிருந்து வாசல் எவ்வளவு உயரமோ, அதைப் போல 12 மடங்கு நீளம் வேண்டும். 30 செ.மீ. உயரம் என்றால் 3.6 மீட்டர். மேட்டு வீடுகளில் பல முற்றங்களில் அவ்வளவு இடம் இருக்காது. அதற்காகச் செங்குத்தாகப் போட்டால் நாற்காலி பின்னால் சாயும், தள்ளுகிறவரும் சேர்ந்து விழுவார். நேராக இடம் போதாவிட்டால் நடுவில் ஒரு சமதளம் வைத்துத் திருப்புங்கள். அகலம் 1.1 மீட்டர். கதவுக்கு முன் 1.2 மீட்டர் சமமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் கதவைத் திறக்கக் கையை எடுத்ததும் நாற்காலி கீழே உருளும். இரண்டு ஓரத்திலும் தடுப்புக் கட்டை அடியுங்கள், முன்சக்கரம் நழுவாது.

மரம் என்றால் 18 மி.மீ. மரைன் பிளைவுட் (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை), அடியில் நெருக்கமாகக் குறுக்குக் கட்டைகள். டர்பன் மழையில் வெறும் பெயின்ட் வழுக்கும். பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவி, காய்ந்ததும் உதறிவிட்டு, மேலே இன்னொரு பூச்சு கொடுங்கள். சிமென்ட் என்றால் இறுகுமுன் துடைப்பத்தால் குறுக்கே இழுத்துவிட்டால் பிடிப்பு வரும்.

ஆயாவிடம் முதலில் கேளுங்கள். அவருக்குக் கழிவறையில் ஒரு கைப்பிடிதான் அவசரமாக இருக்கலாம்.

டொங்காட்: 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நீர் சுத்திகரிப்பு நிலையம் கெட்டு நெடுநாள் தவித்தோம். இனி குழாய் நின்றால் குடிநீரை எப்படிச் சுத்தம் செய்து கொடுப்பது?

கலங்கல் இருந்தால் மடித்த துணியில் வடிகட்டுங்கள். பிறகு 25 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி ஜிக் (வீட்டில் வெளுக்கப் பயன்படும் குளோரின் திரவம்). நன்றாகக் கலந்து இரண்டு மணி நேரம் மூடி வையுங்கள், இரவு முழுக்க இருந்தால் இன்னும் நல்லது. வாசனை சேர்த்த ஜிக் குடிநீருக்கு ஆகாது. வாளியை மூடியோடு, குழாய் வைத்ததாகக் கொடுங்கள். கையை விட்டு மொண்டால் சுத்தம் செய்ததெல்லாம் வீண்.

ஜிக்கை வேறு எந்தக் கழுவும் மருந்தோடும் கலக்காதீர்கள். கழிவறை அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூச்சு அடைக்கும்.

ஃபீனிக்ஸ்: நூறு பேருக்குப் பருப்பும் சோறும், அரிசி எவ்வளவு?

10 கிலோ அரிசி, 3 கிலோ பருப்பு. சோற்றை மூடிய அண்டாவில் வெதுவெதுப்பாக நாள் முழுக்க வைக்காதீர்கள், கிருமி பெருகும். ஆவி பறக்கும்போதே பரிமாறுங்கள்.

ஃபீனிக்ஸ்: நன்கொடை தருகிறவர்கள் உணவுப் பொட்டலம் பெறுகிறவர் முகம் தெரிய போட்டோ கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். மூட்டைகளைப் படம் எடுங்கள், போட்ட சாய்தளத்தைப் படம் எடுங்கள். கடை ரசீதும் கணக்கும் அனுப்புங்கள்.

டொங்காட்: போட்டோ இல்லாமல் யார் நம்புவார், அக்கா? பணம் நின்றுபோனால் பசிப்பது அந்த வீடுதானே?

பணம் நின்றுவிடும் என்ற பயம் நியாயமானது. அதற்கு வழி கணக்கைத் திறந்து வைப்பது: எத்தனை வீடு, என்ன பொருள், என்ன விலை, யார் கையெழுத்து. பெயர்ப் பட்டியல் குழுவில் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். இங்கே தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள்.

ஃபீனிக்ஸ்: அவர்களே சம்மதித்தால்?

மாவுப் பை உங்கள் கையில் இருக்கும்போது அவர் எப்படி மாட்டேன் என்பார்? அது சம்மதம் இல்லை. அதே தெருவில் அவர் பிள்ளை பள்ளிக்கு நடந்து போக வேண்டும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

வெருலம்: குழுவைப் பதிவு செய்ய வேண்டுமா?

சமூக வளர்ச்சித் துறையில் கேளுங்கள். 1997ஆம் ஆண்டு லாப நோக்கமற்ற அமைப்புகள் சட்டப்படி பதிவு உங்கள் விருப்பம், ஆனால் பதிவு செய்வதானால் எழுதிய விதிமுறை வேண்டும்.

சாட்ஸ்வொர்த்: ஜூலை 18, மண்டேலா நாளுக்கு 67 நிமிடத்தில் (அவர் பொதுப்பணி செய்த 67 ஆண்டுக்கு, ஆண்டுக்கு ஒரு நிமிடம்) என்ன செய்யலாம்?

சுவருக்குப் பெயின்ட் வேண்டாம். ஒரே தெருவில் தனியாக இருக்கும் முதியவர் வீடுகளுக்குப் போய் எரியாத பல்ப், ஒழுகும் குழாய் வாஷர், ஆடும் கைப்பிடி மூன்றையும் பாருங்கள். ஆகஸ்டில் மறுபடி வரும் தேதியை அங்கேயே எழுதிக் கொடுங்கள்.

மவுண்ட் எட்ஜ்கோம்: வெள்ளம் வடிந்த வீட்டுத் தரையை எப்படிக் கழுவுவது?

பூட்ஸ், கையுறை போடுங்கள். எலி மூத்திரம் கலந்த சேறு, காய்ச்சல் வரும். முதலில் சோப்பு, பிறகு ஒன்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ஜிக், பத்து நிமிடம். சன்னல் திறந்திருக்கட்டும். அமிலத்தோடு கலக்காதீர்கள், மறுபடியும் சொல்கிறேன்.

வெருலம்: ஐம்பது பேருக்கு அரிசி எவ்வளவு?

மேலே இருப்பதில் பாதி.