ஜாவா வகுப்புக்குப் பணம் கட்டுமுன்

கே: "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்ற நோட்டீஸை நம்பி 'அட்வான்ஸ்டு ஜாவா' வகுப்புக்கு 45,000 கட்டினேன். இரண்டே மாதத்தில் வாத்தியார் நின்றுவிட்டார். இனி வீடியோ பார்த்துப் படிக்கச் சொல்கிறார்கள். அப்பா குறுவை நெல் விற்றுக் கொடுத்த பணம். திரும்பக் கிடைக்குமா?
– மாணவி, மன்னார்குடி

ப: உங்கள் மேல் தப்பே இல்லை, முதலில் அழுகையை நிறுத்துங்கள். நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு மூன்றையும் இன்றே படமெடுத்து வையுங்கள், நாளைக்கே அழித்துவிடுவார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மசியவில்லை என்றால் திருவாரூர் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் சென்னையில் இருந்தாலும் சரி. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

கே: ஜாவா நிரல் எழுதி ஓட்டத் தேவையான ஜேடிகே மென்பொருளுக்கு 'லைசன்ஸ்' என்று தனியாக 1,500 கேட்கிறார்களே?
– நன்னிலம் வாசகர்

ப: கொடுக்காதீர்கள். ஓபன்ஜேடிகே, நிரல் எழுதும் எக்லிப்ஸ், சர்வ்லெட்டை ஓட்டும் டாம்கேட் சர்வர் மூன்றுமே இலவசம். சர்வ்லெட் என்றால் இணையதளத்துக்கு வருகிறவர்களுக்குச் சர்வரில் இருந்து பதில் அனுப்பும் ஜாவா நிரல்.

கே: கும்பகோணத்தில் மூன்று மையங்கள், மூன்றிலும் ஒரே பாடத்திட்டம். எதில் சேரலாம்?
– பாபநாசம் வாசகர்

ப: இந்த 'அட்வான்ஸ்டு' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 2014-ல் இதே ஊரில் ஒரு மையத்தில் 9,500 கட்டி ஆப்லெட் (பிரவுசருக்குள் ஓடும் குட்டி ஜாவா நிரல்) படித்தேன். பிரவுசருக்குள் ஒரு சிவப்புப் பந்து குதித்தது. மறு வருடமே குரோம் அதை ஓட்டும் வசதியை எடுத்துவிட்டது. பந்து போச்சு, பணமும் போச்சு.

அதனால் பலகையைப் பார்க்காதீர்கள். அவர்கள் தரும் நோட்டில் சர்வ்லெட்டை நிரலுக்குள் கொண்டுவரும் இம்போர்ட் வரியைப் பாருங்கள். 'ஜாவாக்ஸ்' என்று இருந்தால் பழைய சரக்கு. ஜாவாவின் உரிமையாளரான ஆரக்கிள், சர்வ்லெட் அடங்கிய ஜாவா ஈஈ தொகுப்பை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தபோது ஜாவா என்ற பெயரைக் கொடுக்கவில்லை. 2020-ல் அந்தத் தொகுப்பில் 'ஜாவாக்ஸ்' என்று இருந்ததெல்லாம் 'ஜகார்த்தா' ஆனது. பழைய வரியை அப்படியே டாம்கேட் 10-இல் போட்டால் ஓடாது. பழைய நிரல் இன்னும் பல அலுவலகங்களில் ஓடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்த மாற்றத்தைச் சொல்லாமல் விற்பது, போன வருட நெல்லைப் புது நெல் என்று அளப்பது மாதிரி.

அப்புறம் வாத்தியாரிடம் ஒன்று கேளுங்கள்: "சர்வ்லெட் கிளாஸுக்குள் பயனர் பெயரை ஒரு ஃபீல்டில் (கிளாஸுக்குள் மதிப்பைச் சேமிக்கும் இடம்) வைத்தால் என்ன ஆகும்?" வருகிற எல்லாருக்கும் பொதுவாக அந்தக் கிளாஸில் இருந்து உருவான ஒரே ஆப்ஜெக்ட்தான் அங்கே வேலை செய்யும், ஒரே டபராவைப் பத்துப் பேருக்கு நீட்டுகிற மாதிரி. ஒருவர் லாகின் செய்த நேரத்தில் இன்னொருவர் திரையில் அவர் பெயர் வந்து நிற்கும். இதை இரண்டு போனை வைத்துச் செய்தே காட்டுகிறவர் கிடைத்தால் அங்கே சேருங்கள். "அது நாலாவது மாதம் வரும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கே: கட்டணத் தவணை என்று நினைத்துப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அது 60,000 ரூபாய்க் கடனாம். வகுப்புக்குப் போவதை நிறுத்தியும் மாதாமாதம் கணக்கில் பிடிக்கிறார்கள்.
– பட்டுக்கோட்டை வாசகர்

ப: நூறு ரூபாய்த் துண்டுக்குச் சாயம் போகுமா என்று நாலு தடவை கேட்கிறோம். 60,000 ரூபாய்க் கடன் பத்திரத்தைப் படிக்க நேரமில்லையா? சரி, போகட்டும். தவணையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், கடன் தகுதியைக் காட்டும் சிபில் மதிப்பெண் விழும். ஒப்பந்த நகல் கேட்டுக் கடன் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம்.

கே: ஜாவா படிக்க ஐ7 லேப்டாப் அவசியமா?
– திருத்துறைப்பூண்டி மாணவர்

ப: கடைக்காரருக்கு அவசியம். உங்களுக்கு 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் போதும். 16 இருந்தால் நிம்மதி.