விளக்கு வெளிச்சத்தில் போன் கேமரா ஏன் சொதப்புகிறது?

கேள்வி: என் போன் பகலில் அருமையாகப் படம் எடுக்கும். 50 மெகாபிக்சல் கேமரா, வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. போன கார்த்திகைக்கு வாசல்படியில் வரிசையாக விளக்கு ஏற்றி, பக்கத்தில் அம்மாவை உட்கார வைத்து எடுத்தேன். சுடரெல்லாம் வெள்ளைப் பொட்டாக விழுந்திருக்கிறது. அம்மா முகம் மெழுகு பூசினாற்போல் இருக்கிறது. தீபாவளியில் மிஞ்சிய கம்பி மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற என் பையன் கலங்கிய உருவமாகத் தெரிகிறான். எப்போதும் ஆட்டோ மோடில்தான் எடுப்பேன். புது போன் வாங்க வேண்டுமா, இல்லை ப்ரோ மோட் கற்றுக்கொள்ள வேண்டுமா? அம்மா அந்தப் படத்தை பிரின்ட் போட்டுக் கேட்கிறார். அதைத் தேற்ற வழி உண்டா? (தென்காசியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: புது போன் வேண்டாம். அளவுகளை நாமே கையால் அமைக்கும் ப்ரோ மோடும் கட்டாயமில்லை. உங்கள் படத்தில் நடந்தது என்னவென்று பார்த்துவிட்டால், அடுத்த கார்த்திகைக்கு இதே போனில் நல்ல படம் எடுத்துவிடலாம்.

படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பியது நல்லதாயிற்று. சாதாரணமாக அனுப்பியிருந்தால் படம் சுருங்கியிருக்கும், அதோடு ஒட்டிவரும் விவரங்களும் போயிருக்கும். கேலரியில் படத்தைத் திறந்து மேலே தள்ளினாலோ, விவரம் என்பதைத் தொட்டாலோ அவற்றை நீங்களும் பார்க்கலாம். உங்கள் படத்தில் 1/10 நொடி, ஐஎஸ்ஓ 3200 என்று இருக்கிறது. நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் இரண்டுக்குக் காரணம் இந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது.

1/10 நொடி என்பது ஷட்டர் திறந்திருந்த நேரம். உட்கார்ந்திருப்பவரை எடுக்க அது போதும். மத்தாப்பு சுற்றும் பையனுக்குப் போதவே போதாது, அந்த நேரத்துக்குள் அவன் கை ஓர் அடி நகர்ந்திருக்கும். ஐஎஸ்ஓ 3200 என்றால், ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரில் விழுந்த கொஞ்சநஞ்ச வெளிச்சத்தைப் போன் பல மடங்கு பெருக்கியிருக்கிறது என்று அர்த்தம். பெருக்கும்போது படத்தோடு, மணல் தூவினாற்போல் தெரியும் புள்ளிகளும் பெருகும். அந்தப் புள்ளிகளை அழிக்கப் போன் முகத்தின் மேல் ஒரு பூச்சு பூசுகிறது. கன்னத்துச் சுருக்கமும் புள்ளியும் அதற்கு ஒன்றுதான். அம்மாவின் முகம் மெழுகாகிப் போனது அப்படித்தான்.

இந்தப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன? ஒளி துகள் துகளாக வந்து விழுகிறது. மழைத்துளியைப் போல அதன் வரவிலும் ஏற்ற இறக்கம் உண்டு, அந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவில் இருக்கும். ஒரு பிக்சலில் 10,000 துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, அதாவது 1 சதவீதம், கண்ணுக்கே தெரியாது. வெறும் 100 துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10. அது 10 சதவீதம், பளிச்சென்று தெரியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமராவாக இருந்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. அதனால் ஐஎஸ்ஓவைத் திட்டிப் பயனில்லை. துகள் குறைவு, அதுதான் மூலக் காரணம். போனின் சென்சாரோ மிகச் சிறியது. 50 மெகாபிக்சல் என்று விற்கும் பல போன்களில் அது சுமார் 8 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் உயரம், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. கல்யாண வீட்டுக்கு வரும் போட்டோகிராபர் கையிலுள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். பரப்பில் ஏறக்குறைய 18 மடங்கு.

வெளிச்சம் போதாதபோது ஆட்டோ மோடின் முன்னால் மூன்று வழிகள்தான் இருக்கின்றன. ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கலாம், அசைந்தால் படம் கலங்கும். ஐஎஸ்ஓவை ஏற்றலாம், புள்ளி விழும். புள்ளியை அழிக்கலாம், முகம் மெழுகாகும். இந்த மூன்றில் எந்தக் குறையை நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள் என்று அதற்குத் தெரியாது. அம்மா அசையாமல் உட்கார்ந்திருப்பார் என்பதும் தெரியாது, பையன் ஆடிக்கொண்டிருப்பான் என்பதும் முழுசாகத் தெரியாது. அதனால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒரு சமரசம் செய்கிறது. பகலில் இந்தச் சமரசமே தேவைப்படுவதில்லை, அதனால்தான் பகல் படம் எல்லாப் போனிலும் நன்றாக இருக்கிறது. இரவில் நீங்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

சொல்வதற்கு முன் ஒரு வேலை. விளக்குக்கு எண்ணெய் ஊற்றித் திரி போட்ட கையோடுதானே போனை எடுத்தீர்கள்? உங்கள் படத்தில் ஒவ்வொரு சுடரிலிருந்தும் ஒரே திசையில் சாய்வாக ஒரு கீற்று ஓடுகிறது, படம் முழுக்க லேசான புகை மூட்டம். அது விரல் எண்ணெய். பகலில் தெரியாது, இருட்டில் ஒரு சுடர் இருந்தால் போதும், காட்டிக்கொடுத்துவிடும். சுத்தமான பருத்தித் துணியால் லென்ஸைத் துடைத்துவிட்டு எடுங்கள். லென்ஸின் மேல் தனியாகக் கண்ணாடி ஒட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடலாம், அந்தக் கூடுதல் கண்ணாடி சுடரைத் திருப்பியடித்து வானத்தில் பச்சைப் புள்ளிகளாகக் காட்டும். கேமராவில் பியூட்டி என்று ஒன்று இயங்கிக்கொண்டிருக்கலாம். பல போன்களில் வாங்கும்போதே அது போட்டுத்தான் வரும். அணைத்துவிடுங்கள், ஏற்கெனவே இருக்கும் பூச்சின் மேல் அது இன்னொரு பூச்சு.

இனி அந்த வெள்ளைப் பொட்டுகள். சுடரின் பிரகாசமும் அதன் வெளிச்சம் விழும் முகத்தின் பிரகாசமும் ஆயிரக்கணக்கான மடங்கு வேறுபடும். நம் கண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துச் சமாளித்துவிடும், சென்சாரால் ஒரே நேரத்தில் அவ்வளவு தூரத்தைத் தாண்ட முடியாது. போதாக்குறைக்கு, படத்தில் பெரும்பகுதி இருட்டாக இருப்பதைப் பார்த்த ஆட்டோ மோட், காட்சியே இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது. இதை மாற்ற ஒரு விரல் போதும். திரையில் அம்மாவின் முகத்தைத் தொடுங்கள். ஒரு கட்டமும் பக்கத்தில் ஒரு சூரியன் குறியும் வரும். அந்தச் சூரியனைக் கீழே இழுங்கள், முகம் சற்று மங்கலாகி, சுடருக்கு ஒரு மஞ்சள் உருவம் கிடைக்கும் வரை. திரையில் கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தால் கவலைப்படாதீர்கள். மங்கலான முகத்தை அப்புறம் எடிட்டிங்கில் ஓரளவு ஏற்றலாம். வெள்ளையாகிப் போன சுடரை யாராலும் மீட்க முடியாது, அந்த இடத்தில் எந்த விவரமும் பதிவாகவே இல்லை.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது நேரம். உங்கள் படம் 7.40க்கு எடுத்தது. அதற்குள் வானம் கறுத்துவிட்டது. திருவண்ணாமலையில் மாலை 6 மணிக்கு மகாதீபம் ஏற்றுகிறார்கள், பல வீடுகளில் அதைப் பார்த்துத்தான் வாசல் விளக்கு ஏற்றுகிறோம். படத்துக்கும் அதுதான் சரியான நேரம். உங்கள் ஊரில் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிட்டாலும் வானத்தில் நீல வெளிச்சம் மிச்சம் இருக்கும். அந்த வெளிச்சம் அம்மாவின் முகத்திலும் சேலையிலும் கோலத்திலும் மெல்லப் படர்ந்து, சுடருக்கும் மற்றவற்றுக்கும் உள்ள தூரத்தைக் குறைத்துவிடும். நம் ஊரில் அந்தி நீளாது, சூரியன் மறைந்து 20, 25 நிமிடம்தான். விளக்கை ஏற்றியவுடன் முதலில் படம், பிறகு பொரி.

நைட் மோடைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018இல் ஹுவாவே பி20 ப்ரோவிலும், அதே வருடம் நவம்பரில் கூகுள் பிக்சல் போன்களிலும், 2019இல் ஐபோன் 11இலும் வந்து, இப்போது மலிவு விலைப் போன் வரை இறங்கிவிட்டது. ஒரே படத்தை நீளமாக எடுக்காமல், குட்டிக் குட்டியாகப் பல படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சராசரி எடுக்கும். மேலே சொன்ன அதே வர்க்கமூலக் கணக்குதான்: 9 படம் சேர்த்தால் புள்ளி மூன்றில் ஒரு பங்காகும். பூச்சு பூசாமலே புள்ளி குறைகிறது, அதனால் சுருக்கங்கள் பிழைக்கின்றன. கூகுளின் நைட் சைட், கையில் பிடித்து எடுக்கும்போது 15 படம் வரை எடுக்கும். போன் அசையாமல் இருப்பதை உணர்ந்தால் ஒவ்வொரு படத்தையும் 1 நொடி வரை நீட்டும். ஐபோனில் கையில் 10 நொடி, ஸ்டாண்டில் 30 நொடி வரை போகும். ஆகவே போனுக்கு ஒரு முட்டுக் கொடுங்கள். ஸ்டாண்ட் வாங்க வேண்டியதில்லை, எதிர்ப் படியில் ஒரு செங்கல்லை வைத்து அதன்மேல் சாய்த்து, 3 நொடி டைமர் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பட்டனை அழுத்தும் விரலே போனை ஆட்டும்.

நைட் மோட் விளக்கு வரிசைக்கும் அம்மாவுக்கும். பையனுக்கு வேண்டாம். ஓடுகிற பிள்ளையை 15 படத்தில் பொருத்தப் பார்த்தால் கை இரண்டாகவோ முகம் பேயாகவோ வரும். போனில் ஓஐஎஸ் என்ற நடுக்கம் தாங்கும் வசதி இருந்தாலும் இதற்கு உதவாது, அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், அவன் ஆட்டத்தை அல்ல. அவனுக்குத் தேவை கூடுதல் வெளிச்சம். போனின் ஃப்ளாஷ் ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் பயன்படாது, முகத்தையும் தட்டையாக்கிவிடும். வேறொருவர் போனின் டார்ச்சை வெள்ளைச் சுவரில் அடிக்கச் சொல்லுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மென்மையாக இருக்கும். அவனைச் சுவருக்கு அருகில் நிறுத்தி, ஆட்டோ மோடிலேயே பட்டனை அழுத்திப் பிடித்துப் பத்துப் படம் எடுத்தால் இரண்டு தேறும்.

லென்ஸ் தேர்விலும் ஒரு கவனம். இருட்டில் 1 எக்ஸ் மட்டும் போதும். அகலக் காட்சிக்கான 0.6 லென்ஸின் சென்சார் பெரும்பாலும் மெயின் கேமராவுடையதைவிடச் சிறியது, ஒளி நுழையும் துவாரமும் குறுகியது. 2 எக்ஸ், 3 எக்ஸ் தொட்டாலும் பல போன்கள் இருட்டில் ஜூம் லென்ஸைப் பயன்படுத்தாமல், மெயின் கேமரா படத்தையே வெட்டிப் பெரிதாக்கித் தரும். சந்தேகமாக இருந்தால், 3 எக்ஸ் வைத்துவிட்டு ஜூம் லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். திரை இருட்டாகவில்லை என்றால் வெட்டுதான். அதற்கு நாம் இரண்டடி முன்னால் போகலாம். 50 மெகாபிக்சல் என்று தனியாக இருக்கும் மோடையும் இரவில் தொடாதீர்கள். சாதாரண மோடில் நான்கு பிக்சலைச் சேர்த்து ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படமாகத் தருகிறதே, இருட்டுக்கு அதுதான் நல்லது.

ப்ரோ மோட் பழக ஆசை இருந்தால் இந்த அளவுகளில் தொடங்குங்கள். செங்கல்லில் சாய்த்த போன், விளக்கு வரிசை மட்டும்: ஐஎஸ்ஓ 200, 1/4 நொடி. பத்துப் பன்னிரண்டு விளக்குக்கு அருகில் அம்மா, கையில் போன்: ஐஎஸ்ஓ 800, 1/30 நொடி. படத்தின் நிறச் சாயலை முடிவுசெய்யும் வொயிட் பேலன்ஸை 3000 முதல் 3500 கெல்வினில் நிறுத்துங்கள். ஆட்டோவில் விட்டால், அகல் விளக்கின் மஞ்சளை ஏதோ தவறு என்று எண்ணிக் கழுவ முயலும். சீரியல் பல்பும் சேர்ந்து எரிந்து, படத்தில் குறுக்குக் கோடுகள் ஓடினால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கிறது, அதோடு ஒத்துப்போகும் அளவு இவை.

என்றைக்காவது புது போன் வாங்கும்போது மெகாபிக்சலைப் பார்க்காதீர்கள். சென்சார் அளவை 1/1.5, 1/2.8 என்று போட்டிருப்பார்கள். கீழே உள்ள எண் சிறியதாக இருந்தால் சென்சார் பெரியது. துவாரம் எஃப் 1.8 என்றால் எஃப் 2.4ஐவிட ஏறக்குறைய 1.8 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஓஐஎஸ் இருக்க வேண்டும். 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா எண்ணிக்கை காட்டத்தான். கடையில் எல்லாப் போனும் நன்றாகவே எடுக்கும், அங்கே அவ்வளவு விளக்கு. மேசைக்கு அடியில் போனைக் காட்டி ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அம்மாவின் படத்துக்கு வருவோம். சுடர் திரும்பாது, முகத்தின் சுருக்கங்களும் திரும்பாது. செயலி வைத்து முகத்தைக் கூர்மையாக்கினால், அம்மா போலவே இருக்கும் வேறு ஒருவரின் முகம்தான் வரும், அது வேண்டாம். பையன் நிற்கும் ஓரத்தை வெட்டிவிட்டு, கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்த்தேன். சேலையில் சிதறியிருந்த சிவப்பு, பச்சைப் புள்ளிகள் மறைந்துவிட்டன, முகத்தின் பூச்சும் அவ்வளவாகத் தெரியவில்லை. 4க்கு 6 அங்குல பிரின்ட்டுக்கு 2 மெகாபிக்சலே போதும், உங்கள் படம் அதைப் போல ஆறு மடங்கு. அந்த அளவிலேயே போடுங்கள், மேட் தாளில். ஸ்டூடியோவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, எனக்கு அனுப்பியது போலவே டாக்குமென்ட்டாக.