கிறிஸ்துமஸ் ஏல் என்பது தனி வகை பீரா? வாங்கி வைத்தால் எவ்வளவு காலம் தாங்கும்?

தனி வகை இல்லை. ஏல் என்பது ஓரளவு சூட்டில் புளிக்க வைக்கும் பீர், அவ்வளவுதான். குளிர்காலத்துக்கென்று வடித்து, தீர்ந்ததும் அடுத்த ஆண்டுவரை நிறுத்திவிடுகிற பீர்களுக்குப் பொதுவாக ஒட்டிக்கொண்ட பெயர் அது. சீசாவுக்குள் இருப்பது ஆலைக்கு ஆலை வேறு. எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கும் அதனால்தான் ஒரே பதில் கிடையாது. இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்துக் கிளீவ்லாந்துக்குக் குடிவந்த புதிதில், அக்டோபர் கடைசியிலேயே அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே பேச்சு: கிரேட் லேக்ஸ் ஆலையின் கிறிஸ்துமஸ் ஏல் வந்துவிட்டதா? இந்த ஊர்க்காரர்களுக்கு அது கிட்டத்தட்ட ஒரு திருவிழா. 1992 முதல் வடிக்கிறார்கள். தேன், இஞ்சி, பட்டை சேர்ந்தது, மதுச்சத்து 7.5 சதவீதம். சாதாரண பீரில் 5 சதவீதம்தான் இருக்கும். பல மதுக்கூடங்களில் கோப்பையின் விளிம்பை ஈரமாக்கி, பட்டைத்தூள் கலந்த சர்க்கரையில் ஒருமுறை புரட்டிவிட்டுத்தான் ஊற்றுகிறார்கள். முதல் வாயில் உதட்டில் சர்க்கரை நறநறக்கும், பிறகு இஞ்சி தொண்டையில் இறங்கும். சுக்குக் கஷாயத்தில் வளர்ந்தவனுக்கு இது மருந்தா மதுவா என்று ஒரு கணம் குழப்பம் வந்தது உண்மை. சர்க்கரை இல்லாமல் கேளுங்கள் என்பேன். பீரில் ஏற்கெனவே இனிப்பு இருக்கிறது.

அந்தப் பழக்கத்தில், கிறிஸ்துமஸ் பீர் என்றாலே மசாலா என்று முடிவுகட்டிவிட்டேன். சியரா நெவாடா ஆலையின் செலிப்ரேஷன் ஏல் அங்கேதான் என் காலை வாரியது. சிவப்பு லேபிள், பனி மூடிய மரவீடு, பார்த்தால் அசல் பண்டிகைச் சரக்கு. உள்ளே பட்டையும் இல்லை, கிராம்பும் இல்லை. 1981 முதல் கலிபோர்னியாவின் சிக்கோ ஊரில் வடிக்கும் நல்ல கசப்பான ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலான ஏல்) அது, 6.8 சதவீதம். அதன் பெருமையெல்லாம் பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ் பூவில் இருக்கிறது. அமெரிக்காவின் வடமேற்கில் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பரில் ஹாப்ஸ் அறுவடை நடக்கும். அறுவடையில் பெரும்பகுதியை அரைத்து, குளிகைகளாக அழுத்தி, குளிரில் வைத்து ஆண்டு முழுவதும் பயன்படுத்துவார்கள். செலிப்ரேஷனுக்கோ அந்த ஆண்டின் புதுப் பூ, முழுசாக, காய்ந்த சூட்டோடு ஆலைக்கு வந்து சேர வேண்டும். பைன் மரப் பிசினும் ஆரஞ்சுத் தோலும் கலந்த மணம் அதிலிருந்துதான் வருகிறது. பண்டிகை நேரத்தில் வருவதால் கிறிஸ்துமஸ் பீர் ஆகிவிட்டது. உண்மையில் அது அறுவடை பீர்.

இது தெரியாமல் ஆறு சீசாக்களை அடுத்த கிறிஸ்துமஸுக்கென்று வீட்டுக் கார் கொட்டகையில் வைத்துவிட்டேன். கோடை முழுவதும் அங்கே வெந்து கிடந்தன. டிசம்பரில் மைத்துனன் வந்தபோது பெருமையாகத் திறந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "அத்தான், இதில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வருகிறதே" என்றான். சரியாகச் சொன்னான். ஹாப்ஸின் நறுமண எண்ணெய்கள் நாளாக ஆகக் கெட்டுப் போகும். காற்றும் வெப்பமும் சேர்ந்தால் அட்டைப்பெட்டி மணம்தான் மிஞ்சும். ஆறையும் தொட்டியில் கொட்டினோம்.

வைத்துக் குடிக்க வேண்டியவை வேறு. கருமையான மால்ட்டும் (முளைகட்டி வறுத்த பார்லி) கூடுதல் மதுச்சத்தும் உள்ளவற்றில் அதே காற்று நன்மை செய்கிறது: ஓரிரு ஆண்டில் உலர்திராட்சை, பேரீச்சம்பழச் சுவை ஏறும். பெல்ஜியத்தின் செயின்ட் பெர்னார்டஸ் கிறிஸ்துமஸ் ஏல் 10 சதவீதம். அதை நம்பி வைக்கலாம். 14 சதவீதமுள்ள சமிக்லாவுஸ் என்ற பீர் இன்னும் நெடுநாள் தாங்கும். ஆண்டுக்கு ஒரே நாள், டிசம்பர் 6, புனித நிக்கோலஸ் திருநாளன்றுதான் அதை வடிக்கிறார்கள். ஆனால் அது லாகர், அதாவது குளிரில் மெல்லப் புளிக்க வைக்கும் பீர். கிறிஸ்துமஸ் பீர் என்பதை வைத்து ஏல் என்று வாதாடிப் பந்தயத்தில் தோற்காதீர்கள்.

கிறிஸ்துமஸுக்கென்று பீர் வடிக்கும் பழக்கத்தை அமெரிக்கச் சிற்றாலைகளுக்குக் கொண்டுவந்தது சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை. அதன் கிறிஸ்துமஸ் ஏல், 1975இல் ஆலையின் அப்போதைய உரிமையாளர் ஃபிரிட்ஸ் மேட்டாக் தொடங்கியது. ஒவ்வோர் ஆண்டும் செய்முறை மாறியது, லேபிளில் மரமும் மாறியது. ஜிம் ஸ்டிட் என்ற ஓவியர் பல பத்தாண்டுகள் அந்த மரங்களைக் கையால் வரைந்தார். என்ன மசாலா என்று ஆலை வெளியில் சொன்னதில்லை. அதை ஊகிப்பதே குடிப்பவர்களுக்கு ஒரு விளையாட்டாக இருந்தது. ஒன்றரை லிட்டர் பெரிய சீசாவும் இருந்தது. 2023இல் ஆலை மூடப்பட்டது. 2024இல் தயிர்த் தொழிலதிபர் ஹம்டி உலுகாயா அதை வாங்கினார். என்னிடம் 2022இன் பெரிய சீசா ஒன்று நிலவறையில் இருக்கிறது. அது 10 சதவீத பீர் இல்லை, அதிக காலம் தாங்காது என்று தெரிந்தும் திறக்க மனம் வரவில்லை.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால், டிசம்பரில் செலிப்ரேஷன் ஒன்றும் மசாலா சேர்ந்தது ஒன்றும் வாங்கி அருகருகே ஊற்றிப் பாருங்கள். முதலாவதில் சீசாவிலோ பெட்டியிலோ அச்சடித்த தேதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். இரண்டாவதை ஐஸ் போலக் குளிர்விக்காமல், பிரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிடம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள். பட்டை மணம் அப்போதுதான் எழும்பும்.