சப்வூஃபரை இப்போது வாங்காதீர்கள்

பழைய ஆம்ப்ளிஃபயரில் புது ஸ்பீக்கர்களை இணைத்த பிறகு பாஸ் (தாழ்ந்த ஒலி) காணாமல் போய்விட்டது, மீதமிருக்கும் 8,000 ரூபாய்க்கு சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுங்கள் சார். பாடகரின் குரல் நடுவிலிருந்து வராமல் எங்கோ மிதக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதில்தான் சந்தேகம். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் மாறியிருக்கும். ஒரு ஸ்பீக்கரின் கூம்பு (அதிர்ந்து ஒலி எழுப்பும் பகுதி) முன்னே தள்ளும்போது மற்றொன்று பின்னே இழுத்தால், தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும்.

ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, ஒரே ஒரு ஸ்பீக்கரின் ஒயர்களை மாற்றிப் போட்டுக் கேளுங்கள். இரண்டையும் மாற்றினால் பயனில்லை. நான் முதல்முறை அப்படித்தான் செய்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணடித்தேன். ஒயர்களை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி, அந்த முனைகளில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பார்த்தாலும் தெரியும்: நேர்முனை, ஆம்ப்ளிஃபயரின் சிவப்பில் இருந்த ஒயரில் பட்டால் பெரும்பாலும் கூம்பு 'டப்' என்று வெளியே வரும்.

அப்படியும் பாஸ் போதாவிட்டால் ஸ்பீக்கர்களைச் சுவரை நோக்கிக் கொஞ்சம் தள்ளுங்கள். மூலையில் மட்டும் திணிக்காதீர்கள், குடத்துக்குள் பேசுவது போலாகிவிடும். விலையுயர்ந்த கேபிளும் வேண்டாம். நான்கைந்து மீட்டருக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் தாராளம்.