பிரேக் ஆயில் என்கிறோம், அது எண்ணெய் இல்லை

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறேன். போன மாதம் 1966ஆம் ஆண்டு எம்ஜிபி திறந்த கார் ஒன்றை வாங்கினேன். பிரேக்கில் என்ன ஊற்றியிருக்கிறது என்று விற்றவருக்கே தெரியவில்லை. லேபிள் கிழிந்த, பாதி காலியான டின் ஒன்றையும் காரோடு கொடுத்தார். கடையில் பிரேக் திரவங்கள் டாட் 3, 4, 5, 5.1 என்று வரிசையாக இருக்கின்றன. எண் கூடினால் தரமும் கூடுமா? கோடையில் லேக் டிஸ்டிரிக்ட் மலைப்பாதைகளில் ஓட்ட ஆசை. எதை வாங்குவது?

பதில்: டாட் 4 வாங்குங்கள். ஒரு லிட்டர் போதும். உங்கள் காரில் கிளட்சும் இதே திரவத்தில்தான் இயங்குகிறது, ஆகவே இரண்டுக்கும் அதையே ஊற்றலாம். ஆனால் இப்போது உள்ளே இருப்பது என்னவென்று கண்டறியாமல் ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள்.

முதலில் எண்களின் குழப்பம். டாட் 3, 4, 5.1 மூன்றும் கிளைக்கால் ஈதர் குடும்பத்தைச் சேர்ந்தவை. நடுவில் நிற்கும் டாட் 5 மட்டும் சிலிக்கோன். 4க்கு அடுத்த படி 5 என்று நினைத்து அதை வாங்கி ஊற்றுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பெயர் வைத்தவர்கள் செய்த பிழைக்குக் கார்க்காரர்கள் விலை கொடுக்கிறார்கள்.

இந்த எண்களை நிர்ணயிப்பது அமெரிக்கத் தரவிதி. புதிய திரவம் குறைந்தது எந்த வெப்பம் வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்று அது சொல்கிறது. டாட் 3க்கு 205 டிகிரி செல்சியஸ், டாட் 4க்கு 230, டாட் 5க்கும் 5.1க்கும் 260. நீங்கள் கவனிக்க வேண்டியது இரண்டாவது கணக்கு. கிளைக்கால் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். ரப்பர் ஹோஸ் வழியாகவும் தொட்டி மூடியின் சிறு துளை வழியாகவும் ஈரம் மெல்ல உள்ளே போகிறது. ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் டாட் 4க்கு விதி கேட்பது 155 டிகிரிதான், டாட் 3க்கு 140. உங்கள் ஊர் ஈரக்காற்றில், குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் நின்ற காரில் இது இன்னும் கவலைப்பட வேண்டிய விஷயம். நான்கைந்து ஆண்டுகள் பழகிய 5.1ஐ விட இந்த ஆண்டு மாற்றிய டாட் 4 எவ்வளவோ நம்பகமானது.

மலைப்பாதை என்றீர்கள். லேக் டிஸ்டிரிக்டின் ஹார்ட்நாட் கணவாயில் சில இடங்களில் மூன்றடிக்கு ஓரடி சரிவு. அங்கே இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் முன் டிஸ்குகளின் வெப்பம் நூற்றுக்கணக்கான டிகிரிக்கு ஏறும். அது பேட் வழியாக பிஸ்டனுக்கும் அதன் பின்னால் உள்ள திரவத்துக்கும் போகும். நீர் கலந்த திரவம் கொதித்தால் ஆவிக்குமிழ் உருவாகும். குமிழ் அழுந்திக் கொடுக்கும். மிதி தரைவரை போகும், பிரேக் பிடிக்காது. அடிவாரத்தில் நிறுத்தித் தேநீர் குடிக்கும் நேரத்திலும் ஆபத்து உண்டு. காற்றோட்டம் நின்றதால், பிஸ்டனையும் பேடுகளையும் தாங்கும் காலிபர் அப்போதுதான் இன்னும் சூடாகிறது. ஏறிப் புறப்படுமுன் மிதியை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உங்கள் காரின் பிரேக் ஒற்றைச் சுற்று. ஓரிடத்தில் போனால் நான்கு சக்கரத்திலும் போய்விடும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இறங்கும்போது கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி வாருங்கள்.

சிலிக்கோனுக்கு ஆதரவாளர்கள் நிறைய. பெயின்ட்டை அரிக்காது, ஈரத்தை ஈர்க்காது. அமெரிக்க ராணுவமே தன் வண்டிகளில் பயன்படுத்தியிருக்கிறது. ஆண்டில் நான்கு நாள் மட்டும் வெளியே வரும் காட்சிக் காருக்கு அதை நான் மறுக்க மாட்டேன். ஓட்டும் காருக்கு வேண்டாம். உள்ளே எப்படியோ புகும் நீர் அதில் கரையாமல், கனத்தினால் காலிபரின் அடியில் போய்த் தங்கும். அங்கே துருப்பிடிக்கும், 100 டிகிரியிலேயே கொதிக்கும். சிலிக்கோன் சற்று அழுந்தக்கூடியது என்பதால் மிதியும் கொழகொழவென்று இருக்கும். அழுத்தத்தால் இயங்கும் பிரேக் விளக்கு ஸ்விட்ச் சிலிக்கோனில் சீக்கிரம் கெட்டுவிடுகிறது என்பது பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்கள் நெடுங்காலமாகச் சொல்லும் குறை. உங்கள் காரில் இருப்பதும் அந்த வகை ஸ்விட்ச்தான்.

இனி, உள்ளே இருப்பதைக் கண்டறிவது. நிறத்தை நம்பாதீர்கள். சிலிக்கோனின் ஊதா நிறம் நாளடைவில் வெளுத்து மஞ்சளாகிவிடும். தொட்டியிலிருந்து சிறிது திரவத்தை உறிஞ்சி, கண்ணாடி டம்ளரில் உள்ள தண்ணீரில் விட்டுக் கலக்குங்கள். கரைந்து கலந்தால் கிளைக்கால். பிரிந்து மேலே நின்றால் சிலிக்கோன் அல்லது கனிம எண்ணெய். கிளட்ச் தொட்டியையும் தனியே சோதியுங்கள். முந்தைய கைகள் இரண்டிலும் ஒன்றையே ஊற்றியிருக்கும் என்பது உறுதியில்லை.

நம் பட்டறைகளில் இதை 'பிரேக் ஆயில்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பெயரே ஆபத்து. ஒரு நண்பரின் பழைய காரில், குறைந்திருக்கிறதே என்று யாரோ எஞ்சின் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றிவிட்டார்கள். மிதியின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் உப்பி, திரவம் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளையை அடைத்துக்கொண்டது. காலை எடுத்த பிறகும் பிரேக் விடவில்லை. ஹோஸ் முதல் வீல் சிலிண்டர் வரை ரப்பர் உள்ள எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. உங்கள் சோதனையில் திரவம் பிரிந்து, தொட்டி மூடியின் ரப்பர் வளையமும் உப்பியிருந்தால் காரை ஓட்டாதீர்கள். இதே வேலை காத்திருக்கிறது. ரப்பர் நன்றாக இருந்து உள்ளே இருப்பது சிலிக்கோன் என்றால், குழாய்களை ஸ்பிரிட்டால் கழுவி உலர்த்தி, சீல்களைப் புதிதாக்கிய பிறகு டாட் 4க்கு மாறலாம்.

கிளைக்கால்தான் என்று தெரிந்தால் வேலை எளிது. ஓட்டுநர் இருக்கைக்கு மிகத் தொலைவில் உள்ள பின்சக்கரத்தில் தொடங்கி, புதிய திரவம் தெளிவாக வரும்வரை மிதியை அழுத்தி ஒவ்வொரு சக்கரமாக வடியுங்கள். அப்போது மிதியைத் தரைவரை அழுத்தக் கூடாது. பழைய மாஸ்டர் சிலிண்டரில் சீல் வழக்கமாகப் போகாத அந்தக் கடைசிப் பகுதியில் துரு இருக்கும், அது சீலைக் கிழித்துவிடும். மிதிக்கும் தரைக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை வைத்துக்கொள்ளுங்கள். ஹோஸ்களின் வயது தெரியாவிட்டால் யோசிக்காமல் மாற்றுங்கள். வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்திருக்கும். விலை கூடிய திரவத்துக்குச் செலவிட நினைத்த பணத்தை இதில் போடுங்கள் என்பேன். பெயின்ட்டில் சிந்தினால் துணியால் தேய்க்காமல் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், கார் ஓடியிருந்தாலும் நின்றிருந்தாலும்.

அந்தப் பாதி டின்னைப் பயன்படுத்த வேண்டாம். திறந்து நாளான திரவம் இதற்குள் ஈரம் குடித்திருக்கும், அது எந்த வகை என்பதும் தெரியாது. சாக்கடையில் ஊற்றாமல், வடித்த பழைய திரவத்தோடு உங்கள் நகராட்சியின் கழிவு மறுசுழற்சி மையத்தில் கேட்டு ஒப்படையுங்கள்.