பிள்ளைங்களுக்கு ஆடு மாடு பாத்து வரையச் சொல்லிக்குடுக்குறது – கேள்வி பதில்

மதுரைப் பக்கம் ஒண்ணாப்புல இருந்து அஞ்சாப்பு வரைக்கும் பிள்ளைங்களுக்கு டிராயிங் சொல்லிக்குடுக்குறேன். உயிரோட இருக்குறதைப் பாத்து வரையிறதைப் பத்தி கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், வந்ததுக்கெல்லாம் பதில் போடுறேன்.

கேள்வி (மேலூர்ல இருந்து ஒரு அம்மா): சார், என் மக மூணாப்பு. மாடு வரைன்னா ஒரு பெட்டியப் போட்டு கீழ நாலு குச்சிய நட்டுடுறா. எப்படி மாத்துறது?

பதில்: திட்டிராதீங்கம்மா, எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் ஆரம்பிக்கும், அது மனசுல இருக்குற மாடு, பாத்த மாடு இல்ல. படுத்து அசைபோடுற மாட்டுகிட்ட கூட்டிட்டுப் போங்க, அது பாட்டுக்கு ரொம்ப நேரம் எடத்தை விட்டு நகராது. மொத அஞ்சு நிமிசம் பென்சிலே குடுக்காதீங்க, கேள்வி மட்டும் கேளுங்க, காது கொம்புக்கு மேலயா கீழயா, திமில் முதுகு நடுவுலயா தோளுக்கு மேலயான்னு. அப்புறம் அது எந்திரிச்சதும் பின்னங்காலைக் காட்டுங்க. பாதியில பின்பக்கமா துருத்திக்கிட்டு ஒரு மூட்டு நிக்குதுல்ல, அதை முழங்கால்னு நெனச்சுருவோம், ஆனா அதுதான் மாட்டோட குதிகால், நெஜ முழங்கால் மேல வயித்தை ஒட்டி இருக்கு. பிள்ளைய நுனிவிரல்ல நிக்கவச்சு அதோட குதிகாலைத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க, டக்குனு புரிஞ்சிரும், குச்சிக்கால் தன்னால போயிரும்.

கேள்வி: அண்ணே, கோழி ஒரு எடத்துல நிக்கவே மாட்டேங்குது, பய அழுகுறான்.

பதில்: முழுப்படம் கேக்காதீங்க. 30 செகண்டுக்கு ஒண்ணு, கழுத்துல இருந்து வால் வரைக்கும் ஒரே வளைவுக்கோடு, நகந்துருச்சா பக்கத்துலயே அடுத்தது. பக்கம் பூரா அரைகுறைக் கோழியா இருக்கட்டும். அது திரும்பத் திரும்ப கொத்தத்தான போகுது, திரும்ப குனியும்போது பழைய படத்துக்கே போயி மிச்சத்தைப் போடலாம்.

கேள்வி (அலங்காநல்லூர்): சார், எம்பையன் ஜல்லிக்கட்டு காளை தவிர ஒண்ணும் வரையமாட்டேங்குறான்.

பதில்: வரையட்டுங்க, அந்த ஆசைதான் அவனை உக்கார வைக்குது! போட்டி அன்னிக்கு வேணாம், கூட்டத்துல ஒண்ணும் தெரியாது. வளக்குறவங்க வீட்டுல கட்டியிருக்கும்போது அவங்களைக் கூட வச்சுக்கிட்டு தள்ளி நின்னு பாக்கட்டும். முன்பக்கம் பெரிய முட்டை, இடுப்புக்கு சின்ன முட்டை, ரெண்டையும் சேத்துட்டு திமிலை ஏத்தச் சொல்லுங்க, கனம் முன்னாடி இருக்குறது அவனுக்கே பிடிபடும்.

கேள்வி: நாங்க மாட்டுத்தாவணி பக்கம் ப்ளாட்ல இருக்கோம், மாடெல்லாம் கிடையாது.

பதில்: அணில் இருக்குமே, முதுகுக் கோட்டை எண்ணச் சொல்லுங்க, மூணு. எறும்பு இன்னும் நல்லது, ஆறு காலும் நடு உடம்புல இருந்துதான் வரும், பிள்ளைங்க நீட்டமா எல்லா எடத்துலயும் போட்டுருவாங்க, ஒரு லென்ஸ் குடுத்துப் பாருங்க.

கேள்வி: ரப்பர் குடுக்கலாமா?

பதில்: வேணாம். கொஞ்சம் மெத்துன்னு கருப்பா விழுற 2பி பென்சில் ஒண்ணு போதும்.

கேள்வி: டீச்சரா இருக்கேன் சார், தப்பா போட்டா நான் திருத்திக் குடுக்கலாமா?

பதில்: தயவுசெஞ்சு அதோட பேப்பர்ல உங்க கைய வைக்காதீங்க டீச்சர், அதுக்கப்புறம் அந்தப் பிள்ளை ஆட்டைப் பாக்காது, உங்க மொகத்தைத்தான் பாக்கும். "காதை இன்னொருக்கா பாரு"ன்னு மட்டும் சொல்லுங்க, வேணும்னா நீங்களும் தனி பேப்பர் எடுத்துக்கிட்டு பக்கத்துல உக்காந்து அதே ஆட்டை வரைங்க.